கறுப்பினப் பெண்களும் முனைவர் பட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் முனைவர் பட்டத்துக்குப் படித்தேன். எனக்கு எதிர் மேசையில் இருந்தவள் ஒரு கறுப்பினப் பெண். நெறியாளரைப் பற்றிய புலம்பலையும், மைக்ரோவேவில் சூடாக்கிய சாம்பார் சாதத்தையும், இரவு இரண்டு மணிக் காப்பியையும் பகிர்ந்துகொண்டோம். ஒரே அறையில் இருந்தும் நாங்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஊரில் இருக்கும் உறவினர்களும், மேற்படிப்புக்கு வரத் தயாராகும் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் யார்?

ஒருவர் பெயரை மட்டும் சொல்ல முடியாது. 1921 ஜூன் மாதத்தில், சில நாட்கள் இடைவெளியில், மூன்று பெண்கள் பட்டம் வாங்கினார்கள். ஜூன் 14 அன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியியலில் ஜார்ஜியானா சிம்ப்சன். மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் சேடி டானர் மோசெல். அடுத்த வாரம், ஹார்வர்டின் மகளிர் கல்லூரியாக இருந்த ராட்கிளிஃபில் ஆங்கில இலக்கியத்தில் ஈவா டைக்ஸ். படிப்புக்கான எல்லாத் தேவைகளையும் முதலில் முடித்தவர் டைக்ஸ். பட்டமளிப்பு விழா முதலில் நடந்தது சிம்ப்சனுக்கு.

மூவரில் சிம்ப்சனின் கதையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். 1907இல் இளங்கலை படிக்கச் சிகாகோவுக்கு வந்தபோதே அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தது. கறுப்பினப் பெண்ணோடு ஒரே கூரையின்கீழ் இருக்க மாட்டோம் என்று வெள்ளை மாணவிகள் சிலர் கொடி பிடித்தார்கள். விடுதிக்குப் பொறுப்பாக இருந்த சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் அசைந்துகொடுக்கவில்லை. சிம்ப்சன் இங்கேதான் இருப்பார் என்றார். ஆனால் பல்கலைக்கழகத் தலைவர் ஹாரி பிராட் ஜட்சன் அந்த முடிவை ரத்து செய்து, சிம்ப்சனை வெளியேறச் சொன்னார். அவர் வெளியேறினார். படிப்பை மட்டும் விடவில்லை. கோடை வகுப்புகள், அஞ்சல்வழிப் பாடங்கள் என்று துண்டு துண்டாகச் சேர்த்து முடித்தார். முனைவர் பட்டம் கையில் வந்தபோது வயது 55. ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் 'மக்கள்' என்ற கருத்தை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். விடுதியில் ஒரு கட்டில் மறுக்கப்பட்டவர் அந்தச் சொல்லைப் பற்றி எழுதினார்.

பட்டம் வாங்கிய பிறகாவது வேலை கிடைத்ததா?

தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. சேடி மோசெலை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து பிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்த நூறு கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர். பொருளாதார முனைவரான முதல் கறுப்பின அமெரிக்கர், ஆண்களையும் சேர்த்தே. அவருக்கு அந்த நகரில் ஒரு பொருளாதார வேலைகூடக் கிடைக்கவில்லை. வட கரோலினாவுக்குப் போய், கறுப்பினத்தவர் நடத்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கீட்டாளராக வேலை பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அதே பென்சில்வேனியாவில் சட்டம் படித்து 1927இல் வழக்கறிஞரானார். திருமணத்துக்குப் பின் சேடி அலெக்சாண்டர் என்று அறியப்பட்டவர் இவரே; அதிபர் ட்ரூமன் அமைத்த குடிமை உரிமைகள் குழுவிலும் இருந்தார். நாடு ஒரு நல்ல வழக்கறிஞரைப் பெற்றது, சரி. ஆனால் அவர் எழுதியிருக்க வேண்டிய பொருளாதாரம்? அந்த இழப்புக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஈவா டைக்ஸுக்குத் தடை தொடக்கத்திலேயே வந்தது. வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கென இருந்த ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்ட் அல்ல) அவர் வாங்கிய இளங்கலைப் பட்டத்தை ராட்கிளிஃப் ஏற்கவில்லை. இன்னொரு முறை இளங்கலை படித்து, 1917இல் சிறப்புத் தகுதியுடன் தேறி, அதன் பிறகே முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் போனார்.

வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 'எம்' (M) தெரு உயர்நிலைப் பள்ளி இருந்தது. பின்னாளில் டன்பார் என்று பெயர் மாறியது. சிம்ப்சனும் டைக்ஸும் அங்கே ஆசிரியைகள். சேடி அங்கே படித்தவர். பல்கலைக்கழகங்கள் வேலை தராததால், முனைவர் பட்டம் பெற்றவர்கள் பள்ளியில் பாடம் நடத்தினார்கள். நாட்டிலேயே மிகச் சிறந்த ஆசிரியர்கள் ஒரு அரசுப் பள்ளியில் கூடியிருந்ததன் காரணம் இதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரும் பேறு. அந்த ஆசிரியைகளுக்கு இழைக்கப்பட்டது அநீதி.

அறுபது வயதுக்கு மேல் பட்டம் வாங்கிய ஒருவர் உண்டாமே?

ஆனா ஜூலியா கூப்பர். 1858இல் அடிமைத் தாய்க்கு மகளாகப் பிறந்தவர். எம் தெருப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1914இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். (அதே ஆண்டுகளில் அம்பேத்கரும் அங்கே மாணவர் என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.) அடுத்த ஆண்டே, தாயை இழந்த ஐந்து குழந்தைகள், அவருடைய சகோதரர் வழிப் பேரப்பிள்ளைகள், அவர் பொறுப்புக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு வயது 57. கணவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

ஓராண்டு அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது கொலம்பியாவின் விதி. பள்ளி வேலையை விட்டால் ஐந்து வயிறுகளுக்குச் சோறு யார் போடுவது? விதியைப் பார்த்தால் யார் மேலும் குறிவைத்ததாகத் தெரியாது, எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பின்னால் சொத்தும் உதவிக்கு ஆளும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது. கூப்பர் தன் பாடங்களைப் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறையைப் பற்றிப் பிரான்ஸ் கொண்டிருந்த நிலைப்பாட்டை பிரெஞ்சு மொழியில் ஆய்வேடாக எழுதி, 1925இல் பட்டம் பெற்றார். வயது 66. அதன் பிறகும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அறிவியல், கணிதத் துறைகளில்?

கணிதத்தில் முனைவரான முதல் கறுப்பின அமெரிக்கப் பெண், 1943இல், யூஃபிமியா ஹேன்ஸ். வேதியியலில் 1947இல் மேரி மேனார்ட் டேலி. 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவரான எவெலின் பாய்ட் கிரான்வில், மேலே சொன்ன டன்பார் பள்ளியின் மாணவி. அவர் கறுப்பினத்தவருக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம்தான் பாடம் நடத்தினார். அந்தக் கொஞ்ச காலத்தில் அவரிடம் படித்த இரண்டு பெண்கள், விவியன் மலோன்-மேய்ஸும் எட்டா ஃபால்கனரும், பின்னாளில் கணித முனைவர்கள் ஆனார்கள். ஒரே ஒரு ஆசிரியை வகுப்பறையில் நின்றதன் பலன் அது.

மலோன்-மேய்ஸின் அனுபவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1961இல் பெய்லர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் நீதிமன்ற உத்தரவால் கதவைத் திறந்திருந்தது, அங்கே சேர்ந்தார். கற்பித்தல் உதவியாளர் பணி அவருக்கு இல்லை. ஒரு புகழ்பெற்ற பேராசிரியர் தன் வகுப்பில் அவரைச் சேர்க்க மறுத்தார். இவற்றை எல்லாம்விட என்னைத் தைத்தது வேறொன்று. அவருடைய நெறியாளரும் சக மாணவர்களும் வளாகத்துக்கு வெளியே ஒரு காப்பிக் கடையில் கூடிக் கணிதம் பேசுவார்கள். அந்தக் கடையில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. பாடம் வகுப்பறையில் நடக்கிறது. ஆராய்ச்சி பிறப்பதோ காப்பிக் கோப்பைகளுக்கு நடுவில். எந்தக் கணக்கு இப்போது சூடாக இருக்கிறது, யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்த வழி வெறும் முட்டுச்சந்து என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அது எதுவும் இல்லாமலே 1966இல் அவர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் மாணவியாகக்கூட ஏற்காத பெய்லர் அவரைப் பேராசிரியராக வேலைக்கு எடுத்தது.

அதெல்லாம் பழங்கதை. இன்று சட்டத் தடை எதுவும் இல்லையே?

இல்லை. காப்பிக் கடையும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே வரச் சொல்லி யாரும் கூப்பிடாமல் இருக்கலாம். அதற்குச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். டிசம்பர் மாதம், இரவு பத்து மணிக்கு மேல். அந்த நேரத்தில் அடையாள அட்டை காட்டினால்தான் நூலகத்துக்குள் விடுவார்கள். நான் முன்னால் போனேன். பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோதே, பரவாயில்லை என்று காவலர் தலையசைத்துவிட்டார். பின்னால் வந்த தோழியை நிறுத்தினார். அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தத் துறை, எந்த ஆண்டு, இந்த நேரத்தில் என்ன வேலை என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் புன்னகையோடு பதில் சொன்னாள். பிறகுதான் எனக்கு உறைத்தது: வாசலுக்கு இருபது அடி முன்பே அவள் கையுறையைக் கழற்றி, அட்டையை எடுத்து விரல்களுக்கிடையில் பிடித்திருந்தாள். அந்தக் குளிரில். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

1970இல் செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர் இத்தகைய சிறு குத்தல்களுக்கு 'நுண் தாக்குதல்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் புகார் கொடுக்கும் அளவுக்கு எதுவும் இருக்காது. 'நீ ரொம்பத் தெளிவாகப் பேசுகிறாய்' என்ற வியப்பு. கருத்தரங்கில் உணவு பரிமாற வந்தவள் என்று நினைத்துக் காலித் தட்டை நீட்டும் கை. கேட்காமலே தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது. ஆறு ஆண்டுகளில் இவை எத்தனை நூறு சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

கறுப்பின ஆண்களுக்கும், வெள்ளைப் பெண்களுக்கும் இதே சிக்கல்கள் உண்டே?

உண்டு. ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் இதை ஒரு வழக்கை வைத்து விளக்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் தொடுத்த வழக்கு அது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். நீதிமன்றம் 1976இல் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனத்தில் பெண்கள் இருக்கிறார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் வெள்ளையர். இனப் பாகுபாடு என்றால் கறுப்பின ஆண்களோடு சேர்ந்து வழக்காடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்க முடியாது.

பல்கலைக்கழகத்திலும் இப்படியே நடக்கிறது. மகளிர் குழுவின் கூட்டத்தில் இனத்தைப் பற்றிப் பேசினால் 'அது வேறு விஷயம்' என்பார்கள். கறுப்பின மாணவர் சங்கத்தில் பெண்களின் சிக்கலைப் பேசினால் அங்கேயும் அதே பதில்.

நெறியாளர் எவ்வளவு முக்கியம்?

எல்லாமே அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை. அமெரிக்க முனைவர் படிப்பு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்பு, பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு என்று போகும். வகுப்பு முடியும்வரை எல்லோருக்கும் ஒரே பாதை. ஆய்வேட்டுக் கட்டத்தில் பாதை மறைந்துவிடும். நெறியாளர் கையில் இருக்கும் விளக்குதான் வெளிச்சம். யாருக்கு எந்த நிதி, யார் பெயர் எந்தக் கட்டுரையில், பரிந்துரைக் கடிதத்தில் எத்தனை வரி என்பதெல்லாம் அவர் கையில். ஆய்வேடு மட்டும் மீதம் என்ற நிலையில் ஆண்டுக்கணக்கில் நின்று, கடைசியில் விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லா இனத்திலும் உண்டு. கேட்கத் தயங்குபவர்களும், கேட்டால் 'தகுதி இல்லாமல் உள்ளே வந்தவள்' என்ற சந்தேகம் உறுதியாகிவிடுமோ என்று அஞ்சுபவர்களும்தான் அங்கே அதிகம் சிக்குகிறார்கள்.

ஆய்வுப் பொருளைத் தேர்வதிலும் சிக்கல் வரும். கறுப்பினத் தாய்மார்களின் பிரசவ மரணங்களைப் பற்றி ஒரு கறுப்பினப் பெண் ஆராய முன்வந்தால், 'உன் சொந்தக் கதையை ஆய்வு என்கிறாயா, நடுநிலை எங்கே?' என்ற கேள்வி வந்து நிற்கும். வெள்ளை ஆய்வாளர் வெள்ளையர் எழுதிய இலக்கியத்தை ஆராயும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. சமூகவியலாளர் பாட்ரீசியா ஹில் காலின்ஸ் 1986இல் இதைத் திருப்பிப் போட்டார்: உள்ளே இருந்துகொண்டே வெளியாளாக நடத்தப்படுபவருக்கு, உள்ளேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதவை தெரியும், அந்தப் பார்வை அறிவுக்கு ஆதாயம் என்றார். என்னைக் கேட்டால், அவர் சொன்னது முழுக்கச் சரி.

பண நெருக்கடி எப்படி?

2022ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய வங்கியின் கணக்கெடுப்பில், சொத்துப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45,000. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. உதவித்தொகை இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒருத்திக்குக் கார் பழுதானால் அப்பா பணம் அனுப்புவார். இன்னொருத்தி அந்த உதவித்தொகையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவாள். கருத்தரங்குக்கு விமான டிக்கெட்டும் விடுதியும் முதலில் சொந்தப் பணத்தில் போட வேண்டும். பல்கலைக்கழகம் திருப்பித் தர இரண்டு மாதம் ஆகும். என் தோழி இரண்டு கருத்தரங்குகளை விட்டது இந்த ஒரே காரணத்தால்தான். வேலை விண்ணப்பத்தில் அந்தக் கருத்தரங்குகள் இல்லாததன் காரணத்தைப் பின்னாளில் தேர்வுக்குழு கேட்கப்போவதில்லை.

'கண்ணுக்குத் தெரியாத வேலை' என்கிறார்களே, அது என்ன?

துறையில் ஒரே ஒரு கறுப்பினப் பெண் இருந்தால், பன்முகத்தன்மைக் குழு ஒவ்வொன்றிலும் அவள் பெயர் இருக்கும். விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் அவள் முகம் இருக்கும். அலுவலக நேரம் முடிந்த பிறகும், அவள் வகுப்பில்கூட இல்லாத இளங்கலை மாணவிகள் எங்கள் அறைக் கதவைத் தட்டுவார்கள். அவளிடம் மட்டும்தான் அழ முடியும் என்று வருவார்கள். அவள் ஒருத்தியைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. மேசையில் முகத்துடைக்கும் தாள் பெட்டி ஒன்றைத் தன் காசில் வாங்கி வைத்திருந்தாள். அந்த மணிநேரங்கள் எந்தத் தகுதிப் பட்டியலிலும் ஏறவில்லை. கல்வியாளர் அமாடோ பாடில்லா 1994இல் இதைச் சிறுபான்மையினர் மீது விழும் ஒருவகை வரி என்றார்.

அவர்கள் மனவலிமை மிகுந்தவர்கள், எதையும் தாங்குவார்கள் என்று சொல்வது பாராட்டுத்தானே?

நானும் ஒருமுறை அப்படிச் சொன்னேன். 'நீ இரும்பு' என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'இரும்பு என்று சொன்னால் யாரும் நாற்காலி போட மாட்டார்கள்' என்றாள். அதன் பிறகு நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. எதையும் தாங்குவாள் என்று நம்பப்படுகிறவளிடம் யாரும் 'தூங்கினாயா?' என்று கேட்பதில்லை. உடம்பு சரியில்லை என்றாலும் நம்புவதில்லை.

எண்ணிக்கை உயர்ந்திருக்கிறதா?

உயர்ந்திருக்கிறது. கறுப்பின அமெரிக்கர்கள் பெறும் முனைவர் பட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பெண்களுடையவை. ஆனாலும் நாட்டு மக்களில் நூறில் பதின்மூன்று பேருக்கு மேல் கறுப்பினத்தவராக இருக்க, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்கள் வாங்கும் முனைவர் பட்டங்களில் அவர்கள் பங்கு நூறுக்கு ஏழெட்டுதான். முழுப் பேராசிரியர் நிலையில் கறுப்பினப் பெண்கள் நூறில் சுமார் இரண்டு பேர். படிக்கட்டு ஏற ஏறக் கூட்டம் குறைகிறது.

கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் உதவுகின்றனவா?

பேருதவி. அட்லாண்டாவில் 1881இல் தொடங்கிய ஸ்பெல்மன் மகளிர் கல்லூரி முனைவர் பட்டம் வழங்குவதில்லை. ஆனால் அறிவியலில் முனைவரான கறுப்பினப் பெண்கள் பலர் இளங்கலை படித்தது அங்கேதான். அங்கே கணிதத்தையும் அறிவியலையும் பல பத்தாண்டுகள் வளர்த்தவர் எட்டா ஃபால்கனர், கிரான்விலிடம் படித்த அதே ஃபால்கனர். டன்பார், ஃபிஸ்க், ஸ்பெல்மன் என்று கைமாறிக் கைமாறி ஒரு தீபம் வந்திருக்கிறது. இதுபோக, சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த ரொனால்ட் மெக்நேர் பெயரில், குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளையும் வாய்ப்புக் குறைந்தவர்களையும் முனைவர் படிப்புக்குத் தயார் செய்யும் திட்டமும் இருக்கிறது.

பிரிட்டனில்?

நிலைமை இன்னும் மோசம். 2019இல் வெளியான ஒரு கணக்கின்படி, மூன்று ஆண்டுகளில் அரசு ஆய்வு மன்றங்கள் தந்த 19,868 முனைவர் உதவித்தொகைகளில் கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தவை 245. நூற்றுக்கு 1.2.

மேற்படிப்புக்குப் போகும் தமிழ் மாணவி என்ன செய்யலாம்?

முதலில், புறப்படுமுன் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் 'அந்தப் பகுதிக்குப் போகாதே, அவர்களிடம் ஜாக்கிரதை' என்ற அறிவுரைகளை அழித்துவிடுங்கள். நம் ஊரில் சாதி எப்படிப் பேசுமோ அதே குரல் அது. இந்தியர்கள் பெருமளவில் அமெரிக்காவுக்கு வர வழி திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம். கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் பிறந்த சட்டம். நாம் நுழைந்த கதவை அடி வாங்கித் திறந்தவர்கள் அவர்கள்.

பிறகு சின்னச் சின்னக் காரியங்கள். காப்பிக்குப் போகும்போது கூப்பிடுங்கள். பழைய வினாத்தாள், நெறியாளரைப் பற்றிய தகவல், எந்த நிதிக்கு எப்போது விண்ணப்பம் என்று நம்மவர்களுக்குள் சுற்றுவதை அவர்களுக்கும் கொடுங்கள். கூட்டத்தில் அவள் சொன்ன கருத்தை வேறொருவர் தனதாக்கினால், 'இது அவள் சொன்னது' என்று அங்கேயே சொல்லுங்கள். கறுப்பினப் பெண்கள் எழுதிய ஆய்வுகளைப் படித்து மேற்கோள் காட்டுங்கள். அவள் ஓய்வெடுத்தால் விளக்கம் கேட்காதீர்கள்.

ஜார்ஜியானா சிம்ப்சனுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறதா?

இருக்கிறது. சிகாகோவில் இளங்கலை படித்த இரண்டு மாணவிகள் முன்நின்று முயன்று, 2017 நவம்பரில் அவருடைய மார்பளவுச் சிலையை வளாகத்தின் ரெனால்ட்ஸ் மன்றக் கட்டடத்தில் நிறுவச் செய்தார்கள். அதே கூடத்தில் எதிர்ப்பக்கம் ஜட்சனின் உருவம் இருக்கிறது, 1907இல் அவரை விடுதியை விட்டு வெளியேறச் சொன்ன அதே தலைவர். மாணவர்கள் சாப்பிடவும் காப்பி குடிக்கவும் கூடும் கட்டடம் அது. பட்டம் வாங்கிய கோடையில் நானும் தோழியும் அங்கே போனோம். அவள் சிலைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் தன் அடுத்த கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.